கோடும் மைதானத்தில்தான் சேர்த்தி! - கால்பந்து நடுவர்கள் எல்லைக்கோட்டை எப்படிப் பார்க்கிறார்கள்?

பந்து கோட்டின் மேல் இருந்தால் உள்ளேயா, வெளியேயா? பாலக்கோடு பள்ளி மைதானம் முதல் கத்தார் உலகக் கோப்பை வரை சண்டை மூட்டும் இந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் தெளிவான பதில் இருக்கிறது. ஆனால், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் கடினம்!

2024, ஜூன் 11. கத்தாரின் ஜாசிம் பின் ஹமத் மைதானம். 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்று ஆட்டம். 37-வது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்டே அடித்த கோலால் இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. இப்படியே ஆட்டம் முடிந்தால், இந்திய அணி அதுவரை எட்டிப் பார்க்காத மூன்றாவது சுற்றுக்குள் நுழைந்துவிடும். ஐந்து நாள்களுக்கு முன்புதான் சுனில் சேத்ரி விடைபெற்றிருந்தார். அவருடைய ஓய்வுக்குப் பிறகு அணி ஆடிய முதல் போட்டி இது.

73-வது நிமிடம். கத்தாருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தை, இந்திய கோல்கீப்பரும் அன்றைய கேப்டனுமான குர்பிரீத் சிங் சந்து தடுத்துவிட்டார். பந்து அவரைக் கடந்து, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. இன்னொரு கத்தார் வீரர் அதைக் காலால் உள்ளே இழுத்துத் தட்டிவிட, அய்மன் அதை வலைக்குள் தள்ளினார்.

இந்திய வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு முறையிட்டார்கள். பந்து முழுவதுமாக வெளியே போய்த் திரும்பியது தொலைக்காட்சியின் மறு ஒளிபரப்பில் தெளிவாகவே தெரிந்தது. ஆனால், தென்கொரியாவைச் சேர்ந்த நடுவர் கோல் என்றே அறிவித்தார். அந்தச் சுற்றில், வீடியோ பார்த்து உதவும் வி.ஏ.ஆர் வசதி கிடையாது. 85-வது நிமிடத்தில் கத்தார் இன்னொரு கோல் போட்டது. 2-1. இந்தியாவின் உலகக் கோப்பைப் பயணம் அங்கேயே முடிந்தது.

அன்று இரவு அந்தக் காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்தது. செல்போனில் பார்த்த ஒவ்வொருவரும் நடுவர் ஆனார்கள். ஆனால், கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என எந்த ஊரின் பள்ளி மைதானத்தில் பந்து உருண்டாலும், "அவுட்டு சார்!", "கோட்டு மேல இருக்கு சார், ஆட்டம் விடுங்க!" என்ற இரண்டு குரல்கள் கேட்காமல் ஒரு மாலைப்பொழுது கழியாது. செம்மண் தரையில் காலையில் போட்ட வெள்ளைக்கோடு மதியத்துக்குள் பாதி அழிந்துபோகும். மீதிக் கோட்டை வைத்துக்கொண்டு விசில் ஊதவேண்டியவர் பெரும்பாலும் பி.டி சார்தான்.

தோஹாவுக்கும் பாலக்கோட்டுக்கும் விதி ஒன்றுதான். அந்த விதி என்ன?

சுவர் வீட்டுக்குச் சொந்தம்

கால்பந்தின் விதிகளை எழுதுவது சர்வதேச கால்பந்து சங்க வாரியம். 1886-ல் தொடங்கப்பட்ட அமைப்பு இது. அதன் விதிப்புத்தகத்தில் மொத்தம் 17 விதிகள். முதல் விதியே மைதானத்தைப் பற்றியதுதான். 'கோடு எந்தப் பகுதியைச் சூழ்ந்து நிற்கிறதோ, அந்தப் பகுதிக்கே கோடும் சொந்தம்' என்பது அதன் சாரம்.

வீட்டைச் சுற்றியிருக்கும் சுவர் வீட்டுக்குச் சொந்தம்தானே! அப்படித்தான் இதுவும். பக்கவாட்டுக் கோடும், கோல் கோடும் மைதானத்தைச் சேர்ந்தவை. பெனால்டி ஏரியாவின் கோடு பெனால்டி ஏரியாவைச் சேர்ந்தது. பந்தின் ஒரு துளி கோட்டுக்கு மேலே இருந்தாலும் அது வெளியே போகவில்லை என்றே அர்த்தம்.

பந்து எப்போது வெளியே போகிறது என்பதை 9-வது விதி சொல்கிறது. தரையில் உருண்டோ, காற்றில் பறந்தோ, முழுப்பந்தும் முழுக்கோட்டையும் கடந்திருக்க வேண்டும். கோலுக்கும் இதே கணக்கு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே, மேல் கம்பத்துக்குக் கீழே, முழுப்பந்தும் கோட்டைக் கடந்தால்தான் கோல். முக்கால் பந்து போனால் முக்கால் கோல் கிடையாது. ஆட்டம் தொடரும்!

ஒரு சாண் கணக்கு

இதைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். பெரியவர்கள் ஆடும் 5-ம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். அப்படியென்றால் அதன் விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர். உருண்டையான பந்து தரையைத் தொடுவது நட்டநடுவில் ஒரு புள்ளியில் மட்டும். அந்தப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் தலா 11 சென்டிமீட்டர் பந்து தரையைத் தொடாமல் குடைபோல நீட்டிக்கொண்டு நிற்கிறது.

குழப்பமே இங்கேதான். பந்து தரையைத் தொடும் இடம் கோட்டை விட்டு 10 சென்டிமீட்டர் வெளியே போயிருக்கலாம். கோட்டுக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் மண்ணோ புல்லோ தெரியலாம். ஆனாலும் பந்தின் வயிறு கோட்டின் விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். விதிப்படி பந்து உள்ளேதான் இருக்கிறது.

கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 சென்டிமீட்டர் இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் 23 சென்டிமீட்டர் வருகிறது. அதாவது, கோட்டின் உள்விளிம்பைத் தொட்ட பிறகும், பந்தின் அடிப்பகுதி ஏறக்குறைய ஒரு சாண் தூரம் நகர்ந்தால்தான் பந்து வெளியே போனதாகக் கணக்கு. இந்த ஒரு சாண் இடத்துக்குள்தான் உலகக் கோப்பைகளும் பள்ளிக்கூடக் கோப்பைகளும் கைமாறியிருக்கின்றன.

வாலிபாலில் ஒரு கதை, கிரிக்கெட்டில் வேறு கதை

நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் நான்கு விளையாட்டு ஆடுகிறவர்கள். ஒவ்வொன்றிலும் கோட்டுக்கு ஒவ்வொரு அர்த்தம். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

வாலிபாலில் பந்து தரையில் விழும்போது கோட்டைக் கொஞ்சம் தொட்டாலும் 'இன்'. ஆனால், அங்கே தரையில் விழுந்த இடம்தான் கணக்கு. காற்றில் எல்லைக்கு வெளியே போன பந்தை ஓடிப்போய் எடுத்து ஆடலாம். கிரிக்கெட்டில் தலைகீழ். பந்து எல்லைக்கயிற்றைத் தொட்டாலே நான்கு ரன். கூடைப்பந்தில் பந்தோ, பந்து வைத்திருப்பவரின் காலோ எல்லைக்கோட்டை மிதித்தாலே வெளியே. கபடியில் எல்லைக்கு வெளியே உள்ள தரையை உடம்பின் எந்தப் பாகம் தொட்டாலும் அவுட்.

கால்பந்தில் ஆட்டக்காரரின் கால் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே இல்லை. அவர் மைதானத்துக்கு வெளியே நின்றபடி உள்ளே இருக்கும் பந்தை உதைக்கலாம். பந்து எங்கே என்பது மட்டும்தான் கேள்வி.

காற்றிலும் சுவர் உண்டு

கால்பந்துக் கோடு தரையோடு முடிவதில்லை. அதன் வெளிவிளிம்பிலிருந்து வானம்வரை ஒரு கண்ணாடிச்சுவர் எழும்பி நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பந்து அந்தச் சுவரை முழுவதும் தாண்டிவிட்டால், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அது வெளியே போனதுதான்.

கார்னர் கிக்கில் இதை அடிக்கடி பார்க்கலாம். நன்றாக வளைத்து அடிக்கும் பையன் ஒருவன் கார்னரிலிருந்து உதைக்கிறான். பந்து கோல் கோட்டுக்கு வெளியே வளைந்து, காற்றிலேயே திரும்பி, கோல்வாய்க்கு முன்னால் வந்து விழுகிறது. சக வீரன் தலையால் முட்டி கோலுக்குள் அனுப்புகிறான். அணியே துள்ளிக் குதிக்கிறது. ஆனால், துணை நடுவரின் கொடி முன்பே உயர்ந்துவிட்டது. பந்து காற்றில் எல்லையைத் தாண்டிய அந்த நொடியிலேயே ஆட்டம் நின்றுவிட்டது. எதிரணிக்கு கோல் கிக்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. பந்து கோல் கம்பத்திலோ மேல் கம்பத்திலோ கார்னர் கொடிக் கம்பத்திலோ மோதி உள்ளேயே திரும்பினால் ஆட்டம் நிற்காது. கொடிக்கம்பத்தில் பட்டதைப் பார்த்ததும் "கார்னர்!" என்று கைதூக்கி நிற்பவரைத் தாண்டி எதிரணி பந்தோடு ஓடிவிடும்.

கோட்டுக்குக் கோடு ஒரு சட்டம்

மைதானத்தில் இருக்கும் கோடுகளை நடுவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

* பெனால்டி ஏரியா கோடு: கோல் கம்பத்திலிருந்து 16.5 மீட்டர் தள்ளிப் போடப்படுவது. கோட்டின் மேல் ஃபவுல் நடந்தால், அது உள்ளே நடந்ததாகவே கணக்கு. பெனால்டி கிக்தான். எதிராளியைப் பிடித்து இழுப்பது வெளியே தொடங்கி, கோட்டைத் தாண்டியும் தொடர்ந்தால் அதுவும் பெனால்டி.

* கோல்கீப்பரின் கை: கோல்கீப்பர் கால் எங்கே நிற்கிறது என்பது முக்கியமில்லை. கை பந்தைத் தொடும் இடம் பெனால்டி ஏரியாவுக்குள் இருக்க வேண்டும். கால்கள் இரண்டும் உள்ளே இருக்க, எட்டிப்பாய்ந்து வெளியே உள்ள பந்தைக் கையால் பிடித்தால் அது குற்றம்.

* 'டி' வளைவு: பெனால்டி ஏரியாவுக்கு வெளியே அரைவட்டம்போல இருக்கும் வளைவு பெனால்டி ஏரியாவைச் சேர்ந்ததில்லை. பெனால்டி கிக் அடிக்கும்போது மற்றவர்கள் 9.15 மீட்டர் தள்ளி நிற்பதற்கான அளவு அது, அவ்வளவுதான். அந்த வளைவுக்குள் நடக்கும் ஃபவுலுக்குப் பெனால்டி கிடையாது.

* நடுக்கோடு: ஆஃப்சைடு பார்க்கும்போது மட்டும் நடுக்கோட்டை எதிரணியின் பாதியில் சேர்ப்பதில்லை. நடுக்கோட்டின் மேல் நிற்பவர் ஆஃப்சைடு ஆகமாட்டார். கைகளும் இந்தக் கணக்கில் வராது.

* த்ரோ இன்: எறிபவரின் இரண்டு கால்களிலும் ஏதாவது ஒரு பகுதி பக்கவாட்டுக் கோட்டின் மேலோ, அதற்கு வெளியே தரையிலோ பதிந்திருக்க வேண்டும். கோட்டை மிதிக்கலாம். முழுக்காலையும் கோட்டைத் தாண்டி உள்ளே வைக்கக் கூடாது.

* பெனால்டியைத் தடுக்கும் கோல்கீப்பர்: பந்து உதைக்கப்படும் நொடியில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகக் காற்றிலோ, பின்னாலோ இருந்தால் போதும்.

இவை எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சில சென்டிமீட்டர் தூரம்தான் ஃப்ரீ கிக்கையும் பெனால்டியையும், கார்னரையும் கோலையும் பிரிக்கிறது. அந்த சென்டிமீட்டர்களை ஒரு மனிதர், ஓடிக்கொண்டே, ஒரு நொடிக்குள் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கே நிற்கிறீர்கள்?

விதி தெரிந்த நடுவர்களும் தவறு செய்வது ஏன்? வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். தரையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு கால்பந்தை வையுங்கள். கோட்டுக்கும் பந்து தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். இப்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, செல்போனைத் தாழ்வாகப் பிடித்து ஒரு படம் எடுங்கள். இடைவெளி பளிச்சென்று தெரியும். 'பந்து வெளியே' என்று சத்தியம் செய்வீர்கள். அடுத்து, பந்துக்கு நேர் மேலே செல்போனைப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். பந்தின் விளிம்பு கோட்டை மறைத்துக்கொண்டிருக்கும். அதே பந்து, அதே கோடு!

இதனால்தான் நடுவர் பயிற்சியில் 'எங்கே நிற்பது' என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம். கோட்டுக்கு நேராக நின்று, கோட்டின் நீளவாக்கில் பார்ப்பவருக்கு மட்டுமே உண்மை தெரியும். கோணம் சற்று விலகினாலும் கண் ஏமாற்றும். நடுவர் மைதானத்தில் குறுக்காக ஓடுவதும், இரண்டு துணை நடுவர்கள் எதிரெதிர்ப் பக்கவாட்டுக் கோடுகளில் ஆளுக்கொரு பாதியைக் காப்பதும் இந்தக் கோணத்துக்காகத்தான். ஒரு காலத்தில் 'லைன்ஸ்மேன்' என்றே அவர்களுக்குப் பெயர். 1996-ல்தான் 'துணை நடுவர்' என்று மாற்றினார்கள்.

கோல் விழும்போது துணை நடுவர் என்ன செய்கிறார் என்று அடுத்த முறை கவனியுங்கள். தெளிவான கோல் என்றால், நடுவரின் கண்ணைப் பார்த்துவிட்டு, கொடியைத் தூக்காமல் நடுக்கோட்டை நோக்கி 25, 30 மீட்டர் விறுவிறுவென்று ஓடுவார். பந்து கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டால், முதலில் கொடியைத் தூக்கி நடுவரின் கவனத்தை ஈர்ப்பார். பேச்சே இல்லாத உரையாடல் அது!

இந்தக் கோட்டுக்காவல் வேலையில் தமிழ்நாட்டுக்கும் பெருமை உண்டு. 2002-ல் தென்கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர்களில் ஒருவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர். இந்திய அணி எட்டாத மேடையில் இந்தியர் ஒருவர் கோட்டைக் காத்து நின்றார்.

வரலாற்றை மாற்றிய கோடுகள்

1966, ஜூலை 30. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் கூடுதல் நேரத்தில் அடித்த பந்து மேல் கம்பத்தில் மோதிக் கீழே விழுந்து திரும்பியது. நடுவர் காட்ஃப்ரீட் டியன்ஸ்டுக்குச் சந்தேகம். துணை நடுவர் தோஃபிக் பஹ்ராமோவிடம் ஓடிக் கேட்டார். அவர் கோல் என்று தலையசைத்தார். மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்று இங்கிலாந்து கோப்பையைத் தூக்கியது. முழுப்பந்தும் கோட்டைத் தாண்டியதா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. பஹ்ராமோவின் சொந்த நாடான அஜர்பைஜானில், பாகு நகர மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

44 ஆண்டுகள் கழித்து இங்கிலாந்துக்கு அதே பாடம் திரும்பக் கிடைத்தது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தது. வீட்டில் டிவி பார்த்த குழந்தைக்கும் தெரிந்தது, நடுவர்களுக்குத் தெரியவில்லை. 2-2 ஆகியிருக்க வேண்டிய ஆட்டத்தில் இங்கிலாந்து 4-1 என்று தோற்றது. அதன்பிறகுதான் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு வேகம் பிடித்தது. 2012 ஜூலையில் அனுமதி கிடைத்து, 2014 பிரேசில் உலகக் கோப்பையில் முதன்முறையாக 14 கேமராக்கள் கோல் கோடுகளைக் காவல் காத்தன. பந்து முழுவதும் தாண்டினால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி போய்விடும்.

அதன் துல்லியத்துக்கு ஓர் உதாரணம். 2019 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும் மோதின. கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தை சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் கடைசி நொடியில் உதைத்து வெளியேற்றினார். அது கோலாக இன்னும் 11.7 மில்லிமீட்டர்தான் பாக்கி என்று கணினிப் படம் காட்டியது. அந்த ஆட்டத்தில் சிட்டி 2-1 என்று வென்றது. அந்தப் பருவத்தின் பிரீமியர் லீக் பட்டத்தை லிவர்பூலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று வென்றது.

இயந்திரமும் சறுக்கும். 2020 ஜூனில், கொரோனா இடைவெளிக்குப் பிறகு நடந்த முதல் பிரீமியர் லீக் ஆட்டத்தில், ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டைத் தாண்டி வலைக்குள் போய்விட்டார். வீரர்கள் மறைத்ததால் அந்தப் பக்கத்துக் கேமராக்கள் ஏழுக்கும் பந்து தெரியவில்லை. கடிகாரம் மௌனம் காத்தது. ஆட்டம் 0-0 என்று முடிந்தது. அந்தப் பருவத்தில் வில்லா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் தரமிறக்கத்திலிருந்து தப்பியது.

கத்தாரில் ஒன்றரை ஆண்டு இடைவெளி

இந்தியாவின் கதையோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. அதுவும் கத்தார் மண்ணில்தான் நடந்தது. 2022 டிசம்பர் 1, உலகக் கோப்பையில் ஜப்பான் - ஸ்பெயின். கோல் கோட்டைத் தாண்டிப் போய்விட்டதாகத் தோன்றிய பந்தை கவோரு மிட்டோமா சறுக்கியபடி உள்ளே தட்டினார். ஆவோ தனாகா அதைக் கோலாக்கினார். தொலைக்காட்சியில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப்புல் தெரிந்தது. ஆனால், வி.ஏ.ஆர் குழு கோல் கோட்டுக் கேமராவின் படங்களை வைத்து ஆராய்ந்தது. நேர் மேலிருந்து பார்த்தால் பந்தின் விளிம்பு கோட்டின் மேல் மயிரிழையில் இருந்தது. கோல் செல்லும்! ஜப்பான் 2-1 என்று வென்றது. அந்த ஆட்டம் டிராவில் முடிந்திருந்தால் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கவேண்டிய ஜெர்மனி, மூட்டை கட்டியது.

ஒன்றரை ஆண்டு கழித்து, அதே நாட்டில், அதேபோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டிய பந்து. ஜப்பானுக்கு மயிரிழையை அளந்து பார்க்கக் கேமராக்கள் இருந்தன. இந்தியாவுக்கு, கண்ணெதிரே முழுசாக வெளியே போன பந்தைச் சரிபார்க்கக்கூட வழி இல்லை. விதி ஒன்றாக இருந்தும் நீதி வேறாகிப்போனது இப்படித்தான்.

இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு புகார் கொடுத்தது, விசாரணை கேட்டது. ஆனால், முடிவு மாறவில்லை. காரணம் 5-வது விதி. கோல் விழுந்ததா இல்லையா, ஆட்டத்தின் முடிவு என்ன என்பது உட்பட, களத்தில் நடந்தவற்றைப் பற்றி நடுவர் சொல்வதே இறுதி. கோல் கொடுத்த பிறகு ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் நடுவரே நினைத்தாலும் அந்த முடிவை மாற்ற முடியாது. இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால், ஒவ்வொரு ஆட்டத்தையும் மறுநாள் வீடியோ பார்த்துத் திருத்த ஆரம்பித்தால், உலகில் எந்த ஆட்டமும் முடியவே முடியாது.

செம்மண் மைதானத்துக்கு என்ன வழி?

குறுவட்டப் போட்டிக்கோ, மாவட்டப் போட்டிக்கோ, முதலமைச்சர் கோப்பைக்கோ தயாராகும் தருமபுரி மாவட்டப் பள்ளிகளுக்கு வி.ஏ.ஆர் வரப்போவதில்லை. கேமரா இல்லாத மைதானத்தில் நியாயம் கிடைக்கச் செலவில்லாத வழிகள் சில இருக்கின்றன.

முதலாவது, கோடு. கயிறு கட்டி நேராகப் போட்ட கோட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும். எல்லாக் கோடும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். கோல் கோட்டின் அகலம் கம்பத்தின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. இடைவேளையில் அழிந்த இடங்களை, முக்கியமாகக் கோல்வாயையும் பெனால்டி ஏரியாவையும், திரும்பப் போட்டுவிடலாம். காரமான சுண்ணாம்புத் தூள் வேண்டாம். விழுந்து எழும் பிள்ளைகளின் கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். கோலப்பொடியாக விற்கும் வெள்ளைக்கல் மாவு போதும். கோடு ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும் என்பதும் முதல் விதியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, ஆள். துணை நடுவர் கிடைக்காத ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரர்களிடம் கொடியைக் கொடுப்பது வழக்கம். அவர்களிடம் 'முழுப்பந்து, முழுக்கோடு' என்ற நான்கு சொற்களை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்து, கோட்டுக்கு நேராக நிற்கப் பழக்கினாலே பெரிய உதவி.

மூன்றாவது, கூட்டம். ஊர்த் திருவிழாப் போட்டிகளில் பார்வையாளர்கள் கோட்டை மிதித்துக்கொண்டே நிற்பார்கள். துணை நடுவருக்கு ஓட இடமிருக்காது, கோடும் அழிந்துபோகும். இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கயிறு கட்டினால் எல்லோருக்கும் ஆட்டம் நன்றாகத் தெரியும்.

நான்காவது, வலை. ஆட்டத்துக்கு முன்பு வலையின் ஓட்டைகளைப் பார்த்துக் கட்டிவிட வேண்டும். பக்கவாட்டு வலையின் கிழிசல் வழியாக நுழைந்த பந்து கோலா இல்லையா என்று அப்புறம் நடுவரைச் சூழ்ந்து நிற்பதில் பயனில்லை.

ஆட்டக்காரர்களுக்கும் இரண்டு விஷயங்கள். ஷூவால் தரையைக் கீறி 'என் இடம்' என்று தனிக்கோடு போட்டுக்கொள்ளும் கோல்கீப்பர்கள் உண்டு. விதிப்படி அதற்கு மஞ்சள் அட்டை! இரண்டாவது, விசில் ஊதும்வரை ஆட்டம் நிற்பதில்லை. பந்து வெளியே போய்விட்டது என்று உங்கள் கண் சொன்னாலும் காலை நிறுத்தாதீர்கள். முறையீட்டை விசிலுக்குப் பிறகு கேப்டன் மரியாதையாகச் சொல்லட்டும். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நொடியில்தான் பந்து வலைக்குள் போகிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோட்டுக்கு அப்பால் நாற்பது மீட்டர் தள்ளி மரநிழலில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குத் தெரிவதும், கோட்டுக்கு நேராக நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவதும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. வீட்டில் எடுத்துப் பார்த்த அந்த இரண்டு செல்போன் படங்களை நினைத்துக்கொண்டால், "கண்ணு தெரியலையா சார்?" என்று கத்தத் தோன்றாது. வெயிலில் விசிலோடு ஓடும் அந்த மனிதர் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது கால்பந்தை மட்டுமல்ல. தனக்குப் பாதகமான முடிவையும் ஏற்றுக்கொண்டு அடுத்த நிமிடமே பந்தின் பின்னால் ஓடுவதற்கும் அங்கேதான் பழகுகிறார்கள். 2024 ஜூன் இரவில் தோஹாவில் நம் அணியும், நெஞ்சு கொதித்தாலும், கடைசி விசில்வரை அதைத்தான் செய்தது.